கார்னெட் கறுத்துத் தெரிகிறதா? கல்லுக்குக் கீழே பாருங்கள்

கேள்வி: வெள்ளியில், ஐரோப்பாவின் பழைய பிராங்க் மக்கள் காலத்துப் பாணியில் வட்ட புரூச் (உடையில் குத்தும் அணி) ஒன்று செய்கிறேன். உலோகத் தடுப்புகளால் பிரித்த சிறு அறைகளில் கார்னெட் என்ற சிவப்புக் கல்லைப் பதித்தால் அருங்காட்சியகப் படங்களில் பார்க்கும் சிவப்பு வரவில்லை, கறுப்பாகக் கிடக்கிறது. சிவப்புக் கண்ணாடி போட்டுவிடலாமா?

பதில்: பிராங்க் மக்களும் சில நகைகளில் கண்ணாடி வைத்ததுண்டு. ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது. கல்லின் தடிமனும் அதற்குக் கீழே உள்ள வெறும் வெள்ளியும்தான் உங்கள் சிக்கல்.

அல்மண்டைன் வகை கார்னெட்டின் நிறம் அடர்த்தியானது. மூன்று மில்லிமீட்டர் தடிமனில் அது கறுத்துத்தான் தெரியும். பழைய வேலைக்காரர்கள் இருபுறமும் தட்டையாகத் தேய்த்து, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய வில்லையாக்கினார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கல் வாங்கும்போதே கொஞ்சம் வெளிர் நிறமாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது ரேக்கு, அதாவது காகிதம்போல் மெல்லிய உலோகத் தகடு. உங்கள் நகையின் உயிர் இதில்தான். பழைய நகைகளில் பெரும்பாலும் வில்லைக்கு அடியில் மெல்லிய தங்க ரேக்கு இருக்கும். அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள், ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று. கல்லைத் தாண்டி இறங்கும் ஒளியை அந்தச் சின்னச் சின்னச் சரிவுகள் பல திசைகளில் திருப்பி அனுப்புகின்றன. நகையை எப்படிச் சாய்த்தாலும் ஏதாவது ஓர் அறை பளிச்சிடுவது இதனால்தான். 481 வாக்கில் இறந்த பிராங்க் அரசர் முதலாம் சில்டெரிக்கின் வாள் அணிகளில் இதை அருமையாகப் பார்க்கலாம். 1653-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தூர்னே நகரில் அவர் கல்லறை கிடைத்தது. 1831-இல் பாரிஸில் நடந்த திருட்டில் புதையலின் பெரும்பகுதி போய்விட்டது, பெரிய இழப்பு. மிஞ்சியவை பிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. அந்தக் காலத்துக் கற்களில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று வேதியியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் அந்த வரத்து குறைந்தபோது இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவின் சிறிய கற்கள் அந்த இடத்துக்கு வந்தன.

ரேக்கு செய்ய, பித்தளைத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி அச்சு தயார் செய்யுங்கள். அதன்மேல் ரேக்கை வைத்து, தோல் துண்டால் மூடி அழுத்தினால் போதும். வெள்ளி ரேக்கு சீக்கிரம் கறுத்துவிடும், கல்லைக் கழற்றாமல் துடைக்கவும் முடியாது. அதனால் தங்கம், இல்லையென்றால் முலாம் பூசிய வெள்ளி.

பசை விஷயத்தில் கவனம். நீர்த்த எப்பாக்சி, கல்லுக்கும் ரேக்குக்கும் நடுவே ஏறிவிடும், திட்டுத் திட்டாகத் தெரியும். தேன்மெழுகில் சுண்ணாம்புத் தூள் கலந்து கெட்டியாக அறைக்குள் நிரப்பி, அதன்மேல் ரேக்கு, அதன்மேல் கல் என்று வையுங்கள். அரக்கு பழகிய கை என்றால் அதுவும் சரி. அப்புறம் தடுப்புகளின் மேல் விளிம்பை லேசாகக் கல்லின் மேல் தேய்த்து மடக்கிவிடுங்கள். கல்லை உண்மையில் பிடித்து வைப்பது அந்த விளிம்புதான். பற்றவைக்கும் வேலை எல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், மெழுகு சூடு தாங்காது.

முதலில் ஒரே ஓர் அறையைச் செய்து பாருங்கள். பசையில்லாமல் ரேக்கின் மேல் கல்லை வைத்து விளக்குக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். இன்னும் கறுப்பாகவே இருந்தால் கல்லை மேலும் தேயுங்கள், ரேக்கை மாற்ற வேண்டாம்.