முடியாத விளையாட்டை வாங்கலாமா?

கேள்வி: 'ராஃப்ட்' மாதிரி, கடல் சூழ்ந்த உலகில் பிழைக்கும் கணினி விளையாட்டுகளை முழுசாக முடிக்கும் முன்பே 'எர்லி ஆக்சஸ்' என்று விற்கிறார்களே, வாங்கலாமா?
- மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இன்றைக்கு இருப்பதே போதும் என்றால் வாங்குங்க தம்பி. ராஃப்ட் 2018 மே மாதம் அப்படித்தான் வந்தது. முழு வடிவம் வர 2022 ஜூன் ஆனது. நான் ஆரம்பத்திலேயே வாங்கினேன். நாலே கட்டத்தில் ஒரு தெப்பம், கையில் கொக்கி. மிதந்து வரும் பலகையையும் ஓலையையும் வீசி இழுக்க வேண்டும். கடல் தண்ணீரை மொண்டு, பலகை எரித்துச் சுத்தம் செய்தால்தான் குடிக்கலாம். அதற்குள் சுறா தெப்பத்தின் ஓரத்தைக் கடித்துப் பிய்த்துவிடும்! அப்புறம் வந்த அப்டேட்டில், நடுக்கடலில் ஒற்றையாக நின்ற வானொலிக் கோபுரத்தைப் பார்த்ததும், பவானிசாகரில் தண்ணீர் இறங்கினால் தலைகாட்டும் டணாயக்கன் கோட்டைக் கோயில்தான் கண்ணில் வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கே காசு தகுமுங்க.