நடுவில் 'ஏ' எழுத்துள்ள வெள்ளிக் காசு: வைக்கிங் காலத்ததா?

கேள்வி: இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் வசிக்கிறேன். நண்பரின் வயலில் அவர் அனுமதியோடு மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினேன். மெல்லிய வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் நடுவில் பெரிய ஆங்கில எழுத்து 'ஏ' (A), சுற்றிலும் கோணல்மாணலான எழுத்துகள்; மறுபக்கம் சிலுவை. வைக்கிங் காசா? கழுவலாமா? யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

பதில்: தயவுசெய்து கழுவாதீர்கள். பல் துலக்கும் பிரஷ், எலுமிச்சை, வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். மண்ணோடு அப்படியே ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள். தேய்த்தால் முதலில் போவது அந்தக் கோணல் எழுத்துகள்தான், காசைப் பற்றிச் சொல்லப்போவதும் அவைதான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கிழக்கு ஆங்கிலியாவின் (உங்கள் நார்ஃபோக்கும் அடங்கியிருந்த பழைய நாடு) 'புனித எட்மண்ட் நினைவுக் காசு' என்றே தோன்றுகிறது. எட்மண்ட் அந்நாட்டு அரசர். 869-இல், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்து தாக்கிய வைக்கிங் படை அவரைக் கொன்றது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள், அதே வைக்கிங்குகளின் ஆட்சியில், அவர் பெயரிலேயே காசு அடித்தார்கள்! ஏறக்குறைய 895 முதல் 918 வரை அடிக்கப்பட்டவை இவை. சில காசுகளில் லத்தீன் வாசகம் விளியாகவே வருகிறது: 'புனித எட்மண்டே, அரசே!' கொன்றவர்களின் நாட்டில் கொல்லப்பட்டவரைக் கூப்பிடும் காசு. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் ஒரு விஷயம். எட்மண்ட் உயிரோடு இருந்தபோது அடித்த காசுகளிலும் நடுவில் 'ஏ' உண்டு. அதனால் அவர் பெயருக்கு முன்னால் 'புனித' என்பதன் சுருக்கமான 'எஸ்' (S), 'சி' (C) எழுத்துகள் இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் நினைவுக் காசு. எழுத்து குழம்பியிருந்தால் கவலை வேண்டாம். பிற்காலத்தவற்றில் பெரும்பாலும் அப்படித்தான். அப்புறம் எடை. நினைவுக் காசு நல்ல நிலையில் 1.3 - 1.4 கிராம் இருக்கும், தேய்ந்திருந்தால் குறையும். அதே காலத்தில் தெற்கு இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டில் ஆல்ஃபிரெட் அரசர் அடித்தது சுமார் 1.6 கிராம். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ, பரப்பில் குமிழித் துளைகளோ தெரிந்தால் அது வார்த்தெடுத்த நகலாக இருக்கலாம்.

1840-இல் லங்காஷயரின் கியூர்டேலில் ஆற்றங்கரையில் கிடைத்த பெரும் புதையலில் மட்டும் இவ்வகைக் காசுகள் சுமார் 1,800 இருந்தன. அதனால் வகை அரிதல்ல. ஆனால் உங்களுடையது வயலில் தனியாகக் கிடைத்தது. அக்காலத்தில் காசு எங்கெல்லாம் கைமாறியது என்பதை இப்படிக் கிடைப்பவைதான் காட்டும். எடுத்த இடத்தின் வரைபடக் குறியீட்டை இன்றே எழுதி வையுங்கள்.

சட்டம்? 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. ஆனாலும் உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் காட்டுங்கள். அவர் பதிவு செய்து காசைத் திருப்பித் தருவார். விற்கும் எண்ணம் இருந்தால் நில உரிமையாளரிடம் பங்கை முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள்.

அதே இடத்தில் இன்னொரு வெள்ளிக் காசு கிடைத்தால் கதை மாறிவிடும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட இரண்டு வெள்ளிக் காசுகள் ஒரே புதைவிலிருந்து வந்தால் அது புதையல். 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். அப்போது மேலே தோண்டாமல் அப்படியே நிறுத்திவிட்டு, அதே அலுவலருக்குப் போன் செய்யுங்கள்.