சத்தத்தைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் பிரச்சினை

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) உள்ளவர்களும் நிம்மதியாக வந்துபோகிற மாதிரி நகரத்தின் பொது இடங்களை எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கட்டடக் கலைஞன் இல்லை. ஆட்டிசம் உள்ள 7 வயதுப் பையனின் அப்பா. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பொதுக் கழிப்பறை என்றால் அவன் வாசலிலேயே நின்றுவிடுவான். உள்ளே கை உலர்த்தும் மெஷின் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். இருந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவான். பெரியவர்கள் கையை நீட்ட வசதியாக மாட்டிய அந்த மெஷின், அவனுக்குக் கிட்டத்தட்டக் காது மட்டத்தில் இருக்கிறது. அதைவிட மோசம், யார் எப்போது கையை நீட்டப்போகிறார்கள் என்று தெரியாதது. பேப்பர் டவல் மட்டும் வைத்திருக்கும் இடங்களில் அவன்பாட்டுக்குப் போய்வருகிறான்.

ஆகவே, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியவேண்டும். நுழையும்போதே உள்ளே இருப்பதும் வெளியேறும் வழியும் கண்ணில் பட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். ஒரு கட்டடத்தில் 'அமைதி அறை' என்று அழகாகப் பலகை மாட்டியிருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி செக்யூரிட்டியிடம்; செக்யூரிட்டியைக் காணோம். சாவி வந்து சேர்வதற்குள் பையன் தரையில் படுத்து அழுது ஓய்ந்துவிட்டான். அந்த அறையைவிட, நடைபாதையின் ஓரத்தில் சுவருக்குள் கொஞ்சம் உள்வாங்கிய ஒரு பெஞ்சு ஆயிரம் மடங்கு மேல். முதுகுக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள், கூட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். எகிப்தியக் கட்டடக் கலைஞர் மக்தா மொஸ்தஃபா ஆட்டிசத்துக்காக வகுத்த 7 வடிவமைப்பு நெறிகளில் இப்படி ஒதுங்கிக்கொள்ளும் இடமும் ஒன்று.

வெளிச்சமும் தரையும்கூடப் படுத்தும். பழைய சோக் வைத்த டியூப்லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். பலருக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலியே வந்துவிடும். தரையில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டால் சிலர் கண்ணுக்கு அது படியாகவோ பள்ளமாகவோ தெரியும். பிரிட்டனில் 2022-இல் வந்த பி.ஏ.எஸ். 6463 என்ற கட்டட வடிவமைப்பு வழிகாட்டி நூல், இப்படிப்பட்டவர்களை மனதில் வைத்து வெளிச்சம், ஒலி, தரை எல்லாவற்றையும் பேசுகிறது.

அதற்காக எல்லா இடத்தையும் ஊமையாக்கிவிடாதீர்கள். என் பையன் கேட்டதும் ஓடி ஒளிகிற அதே சத்தத்தைத் தேடிப்போகும் பிள்ளைகளும் உண்டு. ஊஞ்சலும் ஓட்டமும் ஒரு பக்கம், மர நிழல் பெஞ்சு மறுபக்கம், நடுவில் ஒரு புதர் வரிசை. இரண்டையும் ஒரே திடலில் கலந்து வைத்தால்தான் இரண்டு தரப்புக்கும் ஆகாமல் போகிறது.