டில்லியில் நாம் எங்கே?

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு டில்லி போய் வந்தோம். குதுப் மினார் சுல்தான்கள் கட்டியது, செங்கோட்டை முகலாயர் கட்டியது, இந்தியா கேட் வெள்ளைக்காரர் கட்டியது. "இதில் நாம் எங்கே அப்பா?" என்று மகள் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தலைநகரின் சின்னங்களில் நமக்கு இடமே இல்லையா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் யார் கட்டியது என்பதோடு நின்றுவிட்டால் டில்லி பிடிபடாது. தலைநகரத்தில் கட்டுகிறவர்கள் எப்போதும் ஆள்கிறவர்கள்தான். நம் திருமலை நாயக்கர் மகால் மட்டும் வேறு எப்படி எழுந்தது? பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தை என்னவாக ஆக்கிக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

ஷாஜகானின் செங்கோட்டையில்தான் 1858இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவை ஆங்கிலேயர் விசாரித்து, ரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1945இல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றியதும் அங்கேதான். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் சேர்ந்த ராணுவம் அது. 1947 ஆகஸ்ட் 16 அன்று நேரு அந்தக் கோட்டையில் கொடியேற்றியதை இந்த இரண்டு விசாரணைகளுக்குமான பதிலாகவே நான் பார்க்கிறேன். அந்தப் பதிலில் நம் பங்கும் இருக்கிறது.

இந்தியா கேட் அருகிலுள்ள கல் மண்டபத்தைக் கவனித்தீர்களா? ஐந்தாம் ஜார்ஜின் சிலையை 1968இல் அங்கிருந்து அகற்றினார்கள். 2022இல் சுபாஷ் சந்திர போஸின் கருங்கல் சிலை வந்தது. இடையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மண்டபம் காலியாகவே நின்றது. காந்திக்குச் சிலை வைக்கும் பேச்சு எழுந்தும் கைகூடவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அரசனை இறக்கிய பீடத்தில் யாரை ஏற்றுவது என்று ஒரு குடியரசு அவ்வளவு காலம் தயங்கியது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இந்தியா கேட்டுக்கு 1921 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில், ஒரு வீட்டு மாடியில், காந்தி மேலாடையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். ஏழை விவசாயியின் உடை அது. தேச அடையாளம் என்றால் அந்த மாடிக்குத்தான் முதலிடம் தருவேன். டில்லி போகும் நம்மவர்களில் பலர் அதை எட்டிப் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ராஜ்காட்டின் கறுப்பு மேடையையும் பார்த்திருப்பீர்கள். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி மதுரை தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். மகளை அழைத்துச் செல்லுங்கள், திரும்பும் வழியில் மேலமாசி வீதிக்கும்.