கணக்குப்பிள்ளை தனக்கே எழுதிக்கொண்ட அனுமதி

கேள்வி: பலகாரம் செய்து வெளியூர்களுக்கு அனுப்புகிறேன். ஆர்டர் எடுக்கும் இணையப் பக்கத்தை என் மகன், கோட் எழுதித் தரும் கோபைலட் என்ற ஏஐ கருவியின் துணையோடு எழுதுகிறான். 'இது கேட்காமலே ஃபைலில் எழுதிவிடுமாம், அதை வைத்து கம்ப்யூட்டரையே பிடித்துவிடலாமாம்' என்கிறான். எழுதத்தானே அதை வைத்திருக்கிறோம், அதில் என்ன ஆபத்து?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: எந்த ஃபைலில் எழுதுகிறது என்பதில்தான் ஆபத்து, ஆச்சி.

என் ஐயா காலத்தில் எங்கள் வீட்டு முகப்பில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். பேரேட்டில் எதையும் எழுதலாம். பெட்டகத்தைத் திறக்க மட்டும் ஐயாவைக் கேட்க வேண்டும். அந்த விதியும் அதே பேரேட்டில்தான் இருக்கிறது என்று வையுங்கள். சரக்கு மூட்டைக்குள் யாரோ ஒரு சீட்டு வைக்கிறார்கள்: 'இனி ஐயாவைக் கேட்க வேண்டாம் என்று எழுதிக்கொள்.' கணக்குப்பிள்ளை அதை ஐயாவின் உத்தரவு என்று நம்பி எழுதிவிட்டால்?

கோபைலட்டில் இருந்த குறை இதுதான். கோட் எழுத உதவும் விஎஸ் கோட் என்ற மென்பொருளில், புராஜெக்டுக்குள்ளேயே அதன் விதிகளை வைத்திருக்கும் 'செட்டிங்ஸ்.ஜேசன்' என்ற ஃபைல் இருக்கும். அதிலும் கோபைலட் கேட்காமல் எழுத முடிந்தது. 'ஆட்டோ அப்ரூவ்' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், அப்புறம் கம்ப்யூட்டருக்கு நேரடி உத்தரவான கமாண்டை ஓட்டக்கூட அனுமதி கேட்காது. சீட்டு எங்கிருந்து வரும்? பிறர் எழுதிய கோடின் குறிப்பில், அது படிக்கும் இணையப் பக்கத்தில், கண்ணுக்கே தெரியாத எழுத்துகளாகக்கூட. யோஹான் ரெபெர்கர் என்ற ஆய்வாளர் இதை எடுத்துச் சொல்ல, மைக்ரோசாஃப்ட் 2025 ஆகஸ்டில் சரிசெய்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் இதன் பதிவு எண் சிவிஇ-2025-53773. கர்சர் என்ற இன்னொரு கருவியிலும் அதே ஆண்டு இதே சாயலில் ஒரு குறை வந்து, 1.3 பதிப்பில் திருத்தினார்கள்.

அனுமதி கேட்க வேண்டியவர் கையிலேயே அனுமதிச் சீட்டைக் கொடுத்தது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். ஒரு ஓட்டையை அடைத்தாலும், படிப்பதையெல்லாம் உத்தரவாக எடுத்துக்கொள்ளும் சுபாவம் இந்தக் கருவிகளை விட்டுப் போகவில்லை.

தம்பியை விஎஸ் கோடையும் கோபைலட்டையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். புராஜெக்டில் '.விஎஸ்கோட்' ஃபோல்டரைத் திறந்து, தான் எழுதாத வரி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். முன்பின் தெரியாதவர்களின் புராஜெக்டை இறக்கினால், முதலில் கோட் தானாக ஓடாமல் தடுக்கும் 'ரெஸ்ட்ரிக்டட் மோடில்' திறக்கட்டும். கமாண்ட் ஓட்டலாமா என்று அது கேட்கும்போது, அவசரத்தில் சரி என்று அழுத்தாமல் வாசித்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஆர்டர் பணம் வந்து சேரும் கணக்கின் ரகசியச் சாவி (கடவுச்சொல் போன்ற எழுத்துத் தொடர்) புராஜெக்ட் ஃபோல்டரில் கிடந்தால், இன்றைக்கே அதை ரத்துசெய்து புதுச் சாவி வாங்கி, வேறிடத்தில் வைக்கட்டும்.