கடைக் கணக்கிலிருந்து கட்டும் ஆயுள் காப்பீட்டு பிரீமியம் செலவில் சேருமா?

கேள்வி: ஈரோட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன், நான் மட்டுமே உரிமையாளர். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி. வசூல் முழுக்க வங்கி, யுபிஐ வழியாகத்தான். விற்பனையில் குறிப்பிட்ட பங்கை லாபமாகக் காட்டும் 44ஏடி பிரிவில் 6% லாபம் காட்டுகிறேன். 2019-ல் என் பெயரில் எடுத்த எண்டோவ்மென்ட் பாலிசிக்குக் (காப்பீட்டோடு சேமிப்பும் சேர்ந்தது) கடையின் கரன்ட் அக்கவுன்டிலிருந்து ஆண்டுக்கு 75,000 ரூபாய் போகிறது. காப்புத்தொகை 6 லட்சம். இதைக் கடைச் செலவாகக் காட்டலாமா, 80சி பிரிவில் வருமானத்திலிருந்து கழிக்கலாமா?

பதில்: கடைச் செலவாகக் காட்ட முடியாது. தனி உரிமையாளரின் உயிருக்கு எடுத்த காப்பீடு சொந்தச் செலவு. 37(1) பிரிவு சொந்தச் செலவை ஏற்பதில்லை. எந்த அக்கவுன்டிலிருந்து பணம் போனது என்பது இங்கே பொருட்டல்ல. கணக்கில் அதை ‘டிராயிங்ஸ்’ (உரிமையாளர் சொந்தத்துக்கு எடுத்த பணம்) என்று எழுதுங்கள். மேலும், 44ஏடி-யில் காட்டும் 6% எல்லாச் செலவும் போன லாபமாகவே கருதப்படுவதால், அதிலிருந்து எதையும் தனியாகக் கழிக்க இடமில்லை.

80சி கிடைக்கும், ஆனால் பழைய வரி முறையில் மட்டும். அதிலும் முழு 75,000 கிடைக்காது. 2012 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளில் காப்புத்தொகையில் 10% வரைதான் கழிவு. உங்களுக்கு அது 60,000. போனஸைக் காப்புத்தொகையோடு கூட்டிக் கணக்கிடக் கூடாது.

இப்போது 2025-26 நிதியாண்டுக் கணக்கைப் பாருங்கள். உங்கள் லாபம் 9 லட்சம். பழைய முறையில் 60,000 கழித்தால் 8.4 லட்சம், செஸ் சேர்த்து வரி 83,720 ரூபாய். 80சி-யின் உச்சவரம்பான ஒன்றரை லட்சத்தையும் நிரப்பினால்கூட 65,000. புதிய முறையில், வேறு வருமானம் இல்லையென்றால், 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. இந்த வருமானத்தில் வரிக்காக பிரீமியம் கட்டுவது வீண். குடும்பத்தின் பாதுகாப்புக்கு என்றால் டேர்ம் பாலிசியே (இறந்தால் மட்டும் பணம் தருவது) போதும் என்பது எங்கள் கருத்து. பழைய முறைக்கு மாறுவதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வியாபார வருமானம் உள்ளவர் ஒருமுறை பழைய முறைக்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், வியாபாரம் நடக்கும் வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது.

உங்கள் பாலிசியில் பெரிய சிக்கல் முதிர்வில்தான் இருக்கிறது. பிரீமியம் காப்புத்தொகையில் 12.5%. 10%-ஐத் தாண்டியதால் முதிர்வுத் தொகைக்கு 10(10டி) பிரிவின் வரிவிலக்கு கிடையாது. முதிர்வில் வரும் தொகையில் நீங்கள் கட்டிய பிரீமியம் போக மீதி வருமானமாகும். ஒரு லட்சம் அல்லது அதற்கு மேல் கைக்கு வந்தால், அந்த லாபத்தில் 2% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டாமல் விட்டால் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது தெரிந்துவிடும். இறப்புத் தொகைக்கு மட்டும் இந்த 10% வரம்பு பொருந்தாது. குடும்பத்துக்கு முழுவதும் வரியின்றிக் கிடைக்கும்.

தம்பியையோ மகனையோ சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கினால் நிலை மாறும். நிறுவனமே பாலிசிதாரராக இருந்து, பங்குதாரர் உயிருக்கு ‘கீமேன்’ பாலிசி (நிறுவனத்துக்கு முக்கியமானவர் மீது எடுக்கும் காப்பீடு) எடுத்து, பணமும் நிறுவனத்துக்கே வருவதாக இருந்தால் பிரீமியம் வியாபாரச் செலவு. ஆனால் 44ஏடி-யில் இருந்தால் அந்தப் பலன் இல்லை. கணக்குப் புத்தகம் வைத்து உண்மை லாபம் காட்ட வேண்டும். வரும் தொகையோ, இறப்பினால் வந்தாலும், நிறுவனத்தின் கையில் வரிக்குட்பட்டது. இடையில் பாலிசியைப் பங்குதாரர் பெயருக்கு மாற்றி (அசைன் செய்து) வரியைத் தப்பிக்கும் வழி 2013 திருத்தத்தில் அடைக்கப்பட்டுவிட்டது. இன்னமும் அதைச் சொல்லி விற்கும் முகவர்கள் உண்டு, கவனம்.

மேலே சொன்ன பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் கட்டும் பிரீமியத்துக்கு 2025 வருமான வரிச் சட்டம் பொருந்தும். 80சி அதில் 123-ஆம் பிரிவு.