வீட்டில் மாற்றிய பிரேக் பேட்: இழுப்பும் எரிந்த வாடையும் தானாகச் சரியாகுமா?

கேள்வி: முன் சக்கரம் இரண்டுக்கும் பிரேக் பேட் நானே மாற்றினேன். முதலில் லேசாகக் கீச்சிட்டது. புது பேட் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் ஆகிறது. இப்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறது. ஓட்டி முடித்ததும் அந்தச் சக்கரத்தில் எரிந்த வாடை வருகிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பழகிவிடுமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: பழகாது. கீச்சொலிக்கு வேண்டுமானால் முதல் 200, 300 கி.மீ. தவணை கொடுக்கலாம், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டோடு பேட் படிந்ததும் அடங்கிவிடும். இழுப்புக்கும் வாடைக்கும் அந்தச் சலுகை கிடையாது. பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் இடது காலிப்பர் பிடியை விடாமல் உரசிக்கொண்டே வருகிறது.

உறுதி செய்துகொள்ள, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, இரு முன் சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், தோல் வெந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடிக்கிறதா? ஆறியபின் சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்து, நியூட்ரலில் போடுங்கள். பிரேக்கை ஒருமுறை மிதித்துவிட்டுச் சக்கரங்களைக் கையால் சுற்றுங்கள். வலது சுற்றும், இடது முரண்டுபிடிக்கும். அப்போது இடது காலிப்பரின் ஏர் நிப்பிளை (பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் திருகு) கால் சுற்று தளர்த்துங்கள். கொஞ்சம் ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே விட்டுக்கொடுத்தால், பெரும்பாலும் காலிப்பருக்கு ஆயில் வரும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. பேட் மாற்றும்போது காலிப்பரைக் கம்பியில் கட்டாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டவர்கள் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் குறையாவிட்டால் கோளாறு, காலிப்பர் நகர வழிவிடும் ஸ்லைடு பின்னிலோ, பேட்டைத் தள்ளும் பிஸ்டனிலோ. நிப்பிளைத் தொட்டால் கடைசியில் ஏர் எடுத்தே (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றியே) ஆக வேண்டும்.

அனுபவத்தில் அதிகம் மாட்டுவது ஸ்லைடு பின்தான். பேட் மாற்றும்போதே இரண்டு பின்னையும் உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் பூச வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. செய்கிறவர்களிலும் சிலர் கையில் கிடைத்த பேரிங் கிரீஸைத் தடவுகிறார்கள். அது இன்னும் மோசம். பெட்ரோலிய கிரீஸ் பட்ட ரப்பர் உப்பிப் பின்னைக் கவ்விக்கொள்ளும். பேட் இரண்டையும் கழற்றித் தடிமனை அளந்து பாருங்கள். உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காலிப்பர் நகரவில்லை.

இப்படியே ஓட்டினால் பேட் தேய்வதோடு போகாது. சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 140. டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. கொதித்து ஆவி உண்டானால் பெடல் சட்டென்று தரை வரை இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை நிறுத்திவையுங்கள். ஸ்லைடு பின் கிட் சில நூறு ரூபாய்தான். காலிப்பரும் டிஸ்க்கும் போனால் ஆயிரக்கணக்கில் ஆகும். பேட் கண்ணாடிபோல் மினுக்கினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்க்கை லேத்தில் கடைந்துவிடலாம் என்பார்கள். அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போகும் என்றால் கடையவே கூடாது. எல்லாம் பூட்டியபின், வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். வீல் நட்டை மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கி.மீ.க்குள் மறுபடி ஒருமுறை சோதியுங்கள்.

கேள்வி: என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் நானே மாற்றியபின் தரையில் சில சொட்டு விழுகிறது. வளைவில் திரும்பும்போது மட்டும் சிவப்பு ஆயில் லைட் மினுக்குகிறது. (மதுரை வாசகர்)

பதில்: உடனே என்ஜினை அணையுங்கள். அந்த லைட் ஆயில் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அளவு குறைந்துபோய், வளைவில் ஆயில் ஒதுங்கியதும் பம்ப் காற்றை இழுக்கிறது. சில நிமிடங்களிலேயே பேரிங் உருகிவிடலாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியதைப் பூட்டிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். ஃபில்டரை, ரப்பர் தொட்டபின் முக்கால் சுற்று, கையால் மட்டும் முறுக்கினால் போதும்.

கேள்வி: வாங்கிய பேட்டே மட்டமாக இருந்தால்? கடைக்காரர் பில் தரவில்லை. (சேலம் வாசகி)

பதில்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க பில்லில் கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பெட்டி, பேட்ச் எண், தேய்ந்த பேட் மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். பணம் ஆன்லைனில் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவும் ஆதாரம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் தவறாகப் பூட்டியதால் வந்த சேதம் என்று தெரிந்தால் விற்றவரைப் பொறுப்பாக்குவது கடினம்.

கேள்வி: கோளாறு தெரிந்தும் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் வருமா? (கோவை வாசகர்)

பதில்: வண்டியை நல்ல நிலையில் பராமரிப்பது பாலிசியின் நிபந்தனை. பழுதானபின் சரிசெய்யாமல் ஓட்டிக் கூடுதல் சேதமானால் அது உங்கள் தலையில்தான். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான பாலிசியில் எப்போதுமே சேராது. இது தவிர, மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவின்படி, ஆபத்தான பழுது என்று தெரிந்தும் ஓட்டினால் 1,500 ரூபாய் அபராதம். அதனால் ஒருவருக்குக் காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.